48 ஃப்ளீட்லைன் ஃபாஸ்ட்பேக்: கூரையைத் தாழ்த்தும்போது பின் சரிவை எங்கே வெட்டுவது?

வளைகோடு:
கையில் இருப்பது 1948 ஷெவர்லே ஃப்ளீட்லைன் ஏரோசெடான், இரண்டு கதவு, கூரை ஒரே வழுக்கலாகப் பின் பம்பர் வரை இறங்கும் வண்டி. கூரையை 3 அங்குலம் தாழ்த்தலாம் என்று இருக்கிறேன். 1949-51 மெர்க்குரி காரை வெட்டுவது பற்றி நிறையப் படித்தாயிற்று, ஆனால் அதில் கூரை தனி, டிக்கி தனி. இதில் கூரை எங்கே முடிகிறது என்றே சொல்ல முடியவில்லை. கூரையைத் தாங்கும் தூண்களில் துண்டு எடுத்து இறக்கினால் பின்னால் என்ன ஆகும்? பின் கண்ணாடிக்கு மேலே வெட்டுவதா, கீழேயா? டிக்கி மூடியைத் தொடாமல் தப்பிக்க முடியுமா? வெல்டிங் தெரியும், தகர வேலையும் ஓரளவு வரும்.

பழைய_இரும்பு:
தப்பிக்க முடியாது நண்பரே. டிக்கி மூடியைத் தொடாமல் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே கணக்கை முடித்தால், மூடியின் மேல் விளிம்பில் ஒரு முறிவு விழும். எவ்வளவு பட்டி பூசினாலும் பக்கவாட்டில் நின்று பார்ப்பவன் கண்ணுக்கு அது தப்பாது. ஃபாஸ்ட்பேக்கின் அழகே அந்த ஒற்றைக் கோடுதான், அது போனால் வெட்டியதில் அர்த்தமே இல்லை.

கூரையை நேராகக் கீழே இறக்குகிறீர்கள் என்று வையுங்கள். முன் கண்ணாடித் தூண் பின்னால் சாய்ந்திருக்கிறது இல்லையா, அதனால் மேல் துண்டு கீழ்த் துண்டுக்குப் பின்னால் போய் உட்காரும். செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்வு என்றால் 3 அங்குல வெட்டுக்கு விலகல் சுமார் 1.7 அங்குலம். கூரை அவ்வளவு முன்னால் வர வேண்டும், இல்லாவிட்டால் தூணை இன்னும் சாய்க்க வேண்டும். பின்னால் இதைவிட மோசம், மேல் சரிவு கீழ்ச் சரிவுக்குள் புதைந்துவிடும்.

அதனால் பின்பகுதியை இறக்காதீர்கள், மடக்குங்கள். டிக்கி மூடியின் அடிவிளிம்பைக் கீல் மாதிரி வைத்துக்கொண்டு மூடி, கண்ணாடிச் சட்டம், கூரை எல்லாவற்றையும் ஒரே துண்டாகக் கீழே சாய்க்க வேண்டும். இரு பக்கமும் ஆப்பு வடிவில் தகரம் போகும், மேலே 3 அங்குலம், அடியில் பூஜ்யம். இதில் ஒரு சௌகரியம் உண்டு. சரிவு 60 அங்குல நீளம், கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி என்று வைத்துக் கணக்குப் போட்டால், மடக்கும்போது மேல் முனை ஒன்றரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலாகவே முன்னால் நகர்கிறது, முன் தூணுக்குத் தேவைப்பட்ட நகர்வு கிட்டத்தட்ட அங்கேயே கிடைத்துவிடுகிறது. உங்கள் வண்டியில் சரிவு வளைவானது, எண் மாறும், அளந்து பாருங்கள்.

தகரத்தட்டி:
மேலே சொன்னது சரிதான், ஆனால் 3 அங்குலம் எதற்கு என்று முதலில் யோசியுங்கள். ஃபாஸ்ட்பேக்கில் பின் இருக்கைக்காரர் தலை ஏற்கெனவே கூரையை இடித்துக்கொண்டுதான் இருக்கும். என்னைக் கேட்டால் இரண்டரை போதும். பக்கவாட்டில் தூர நின்று ஒரு படம் எடுத்து, பெரிதாக அச்சிட்டு, கத்தரித்து ஒட்டிப் பாருங்கள். துரு இல்லாத முழு வண்டி என்றால் வெட்டவே வேண்டாம், சஸ்பென்ஷனைத் தாழ்த்தினாலே பாதி தோற்றம் வந்துவிடும்.

வளைகோடு:
கூரையின் ஓரமெல்லாம் துரு அண்ணே, எப்படியும் வெட்டித்தான் ஆக வேண்டும். இரண்டரையைப் படத்தில் போட்டுப் பார்க்கிறேன். கண்ணாடிகளை என்ன செய்வது?

தகரத்தட்டி:
முன் கண்ணாடி இரண்டு தட்டைத் துண்டுகள்தானே, லேமினேட் கண்ணாடியில் (நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது) புதிதாக வெட்டிக்கொள்ளலாம். பின் கண்ணாடியை வெட்ட நினைக்காதீர்கள், டெம்பர்டு (சூடாக்கிக் கடினமாக்கியது) என்றால் தொட்டதும் பொடிப்பொடியாகிவிடும். சட்டத்தோடு முழுசாகச் சாய்ப்பதே நல்லது. ஆனால் அது படுத்துவிட்டால் உள்ளே இருக்கும் பின்பார்வைக் கண்ணாடியில் சாலையைவிட வானம்தான் அதிகம் தெரியும், வெளிப் பின்பார்வைக் கண்ணாடி இரண்டு பக்கமும் கட்டாயம் மாட்டுங்கள்.

நீலச்சுடர்:
வெட்டுவதற்கு முன் செய்ய வேண்டியதை யாரும் சொல்லவில்லையே! வண்டி அதன் சக்கரத்தில் நிற்கட்டும், ரசமட்டம் பார்த்துச் சமப்படுத்துங்கள், கதவுகளின் இடைவெளி சரியாக இருக்கும்போதே உள்ளே குழாய்களைக் குறுக்கும் நெடுக்குமாக வெல்டு செய்துவிடுங்கள். கூரை போனதும் உடல் விரியும், அப்புறம் கதவு மூடாது. தூண்களுக்குள் பட்டைத் தகடு வைத்து முழுசாக வெல்டு செய்யுங்கள், அது உயிர் சமாச்சாரம்.

கூரைத் தகட்டுக்கு டிக் (TIG) வெல்டிங் நல்லது. மிக் (MIG) வெல்டு கெட்டியாகிவிடும், சுத்தியலுக்கு வளையாது. எதுவானாலும் தள்ளித் தள்ளிப் புள்ளி வைத்து, ஆறவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஒரே இழுப்பாக இழுத்தால் தகடு அலை அலையாகிவிடும், அதைத் தட்டி எடுக்கிற வேலை வெட்டின வேலையைவிடப் பெரிது. டிக்கி மூடியின் உள்சட்டத்தில் ஆங்காங்கே பிளவு போட்டு வளைவை மாற்ற வேண்டிவரும். மூடியை வண்டியிலேயே மாட்டி வைத்துக்கொண்டு அதைச் செய்யுங்கள், கழற்றித் தரையில் போட்டு வளைத்தால் திரும்ப மாட்டும்போது ஒரு மூலை தூக்கிக்கொண்டு நிற்கும்.