'இன்விட்' என்பதற்கு 'நெஞ்சறிவு'

அன்புள்ள நண்பர்களுக்கு,

'ஏஜன்பைட் ஆஃப் இன்விட்' என்ற பழங்கால ஆங்கிலத் தொடருக்குத் தமிழாக்கமாக இங்கே முன்வைக்கப்பட்ட 'மனசாட்சியின் உறுத்தல்' பொருளளவில் சரிதான். ஆனால் இந்தத் தொடர் வரும், ஐரிஷ் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிசீஸ்' (1922) நாவலில் அது பொருந்தாது. முதல் அத்தியாயத்தில் முக்கியப் பாத்திரமான ஸ்டீவன் இந்தத் தொடரை நினைத்த கையோடு 'கான்ஷியன்ஸ்' (மனசாட்சி) என்ற அன்றாடச் சொல்லையும் தனியாக நினைக்கிறான். மனசாட்சியை முதலிலேயே செலவழித்துவிட்டால் அங்கே எதைப் போடுவது?

1340இல் கேன்டர்பரித் துறவி டான் மைக்கேல், பிரெஞ்சு அறநூல் ஒன்றைக் கென்ட் வட்டார ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வைத்த தலைப்பு இது. உறுத்தலைக் குறிக்கும் 'ரிமோர்ஸ்' என்ற லத்தீன்வழிச் சொல்லை 'மறுபடி', 'கடி' என்று பிரித்து ஊர்ப்பேச்சில் அடுக்கினார். நாம் செய்வதும் அதே வேலைதான். 'உள்', 'அறிவு' சேர்ந்த 'இன்விட்' அப்போது புழங்கிய சொல். பிறகு 'கான்ஷியன்ஸ்' வந்து அதைத் தள்ளிவிட்டது.

'உள்ளறிவு' எனலாம்தான். ஆனால் அது 'உள்ளுணர்வு' என்பதோடு குழம்பும். என் பரிந்துரை 'நெஞ்சறிவு'. 'தன்னெஞ் சறிவது பொய்யற்க' என்ற குறளில் (293) இதன் வேர் இருக்கிறது. பொய்த்தபின் அந்த நெஞ்சே சுடும் என்றும் அதே குறள் சொல்கிறது. கேட்டவுடன் புரியும், ஆனால் பேச்சில் புழங்காது. பழஞ்சொல்லுக்கு அந்தச் சின்னத் தடுக்கல் வேண்டும்.

'ஏஜன்பைட்' என்பதற்கு 'மறுகடி'. நாய்க்கடி நினைவுக்கு வருகிறது என்ற ஆட்சேபம் நியாயமானதே. இருந்தாலும் கடி என்ற வேரில் பல்லும் இருக்கிறது, கடிந்துகொள்ளுதலும் இருக்கிறது. தொல்காப்பிய உரியியல் கூர்மை, அச்சம் என்ற பொருள்களையும் தருகிறது. இதைவிட நெருக்கமாக 'உறுத்தல்' வராது.

இன்னொரு தேவையும் உண்டு. பத்தாம் அத்தியாயத்தில் ஸ்டீவனின் தங்கை டில்லி ஒரு பென்னிக்கு வாங்கிய பழைய பிரெஞ்சுப் பாடநூலோடு நிற்கிறாள். வீட்டில் வறுமை. அவள் மூழ்குகிறாள், காப்பாற்று என்று ஸ்டீவனுக்குள் ஓடும்போது 'ஏஜன்பைட்' மட்டும் தனியாக இருமுறை வெட்டுகிறது. அப்படி ஒற்றையாக நிற்க 'மறுகடி' தாங்கும்.

அப்புறம், முதல் அத்தியாயத்தில் 'கான்ஷியன்ஸ்' என்பதை அடுத்து, இன்னும் ஒரு கறை இருக்கிறதே என்ற, ஷேக்ஸ்பியர் நாடகத்தின் லேடி மக்பெத் சொல்லும் வரி வருகிறது. தமிழில் மறு என்றாலே கறைதான். 'மதிக்கண் மறுப்போல்' என்கிறது குறள் (957). ஆகவே:

'நெஞ்சறிவின் மறுகடி. மனசாட்சி. ஆனாலும் இங்கே ஒரு மறு.'

'மறுகடி', 'மறு' என்று மூலத்தில் இல்லாத இந்த எதிரொலியை மொழிபெயர்ப்பில் விடலாமா என்பதில்தான் உங்கள் கருத்து வேண்டும். நான் விடலாம் என்பேன்.