மூன்று பேரிடம் ஒரே சண்டை: உள்ளே திரும்பிப் பார்க்க வேண்டிய நேரம் எது?

பதிவு 1 (உளவள ஆலோசனை)

"எப்போது உங்களையே கொஞ்சம் உட்கார்ந்து பார்க்கணும்னு தோணுச்சு?" என்று கேட்டால், வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பெரிய சம்பவத்தைச் சொல்வார்கள். வேலை போனது, கல்யாணம் முறிந்தது, அப்பா இறந்தது. பேச்சைக் கொஞ்சம் பின்னால் இழுத்தால், அதற்கு ஆறேழு மாதம் முன்பே அறிகுறி இருந்திருக்கும். சின்னதாக, சலிப்பூட்டும்படி, திரும்பத் திரும்ப. சின்னதாக இருந்ததால்தான் யாரும் கண்டுகொள்ளவில்லை. பெரிய அடி விழுந்த வாரத்தில் சுய ஆராய்ச்சியே வேண்டாம். அப்போது வேண்டியது சாப்பாடு, தூக்கம், பக்கத்தில் ஒரு ஆள்.

கைக்கணக்காக வைத்துக்கொள்ள ஒன்று உண்டு. ஒருவருக்கொருவர் அறிமுகமே இல்லாத மூன்று பேரிடம் ஒரே மனக்குறை வந்தால் நேரம் வந்துவிட்டது. இரண்டு பேர் என்றால் தற்செயலாக இருக்கலாம். மூவரும் ஒரே அலுவலகம், ஒரே குடும்பம் என்றால் கணக்கில் சேராது. அங்கே பொதுவாக இருப்பது நீங்கள் மட்டுமல்ல, அந்த இடமும்தான்.

அடிக்கடி பார்க்கக் கிடைக்கும் நோட்டுப் பக்கம் ஒன்று. "மேலாளர் குறுக்கே பேசுகிறார்." "தங்கை காதில் வாங்குவதே இல்லை." "நண்பன் பாதியில் போனை நோண்டுகிறான்." எழுதியவரின் முடிவு: யாருக்கும் என்மேல் மரியாதை இல்லை. அதே பக்கத்தில், அவர் என்ன பேசினார் என்பதை வார்த்தைக்கு வார்த்தை எழுதச் சொன்னால் வேறொன்று தெரியவரும். மூன்று இடத்திலும் விஷயத்தை அதன் ஆதிகாலத்திலிருந்து தொடங்கியிருக்கிறார். கேட்க வந்தது நான்காவது நிமிடத்தில்தான் வருகிறது. மரியாதைக் குறைவு உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அந்த நான்கு நிமிடம் அவர் கையில் இருக்கிறது.

வேறு அறிகுறிகளையும் சொல்லிவிடுகிறேன். நடந்தது இரண்டு நிமிடம், அதற்கு மனதுக்குள் சொல்லும் விளக்கம் இரண்டு நாள். ஆசைப்பட்டது கிடைத்தும் ஒரு வாரம்கூட சந்தோஷம் தங்கவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்தியதும் பல்லைக் கடிப்பது. அவசியமே இல்லாத இடத்தில் சின்னப் பொய். இதில் கடைசியை நான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக எடுத்துக்கொள்வேன். எதை மறைக்கிறோம் என்பது எதைக் கண்டு பயப்படுகிறோம் என்பதை நேராகக் காட்டிக்கொடுத்துவிடும்.

பதிவு 2 (நாட்குறிப்புப் பயிற்சி தருபவர்)

மேலே சொன்ன நோட்டை எப்படி வைப்பது என்று விவரமாகச் சொல்கிறேன். பாதிப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான்.

காகித நோட்டு. ஒரு பக்கத்தில் தேதியும் நேரமும் போட்டு நான்கு கட்டம். முதலாவது, என்ன நடந்தது: ஒரு கேமரா இருந்திருந்தால் எது பதிவாகியிருக்குமோ அது மட்டும். இரண்டாவது, பேசிய வார்த்தைகள், இரண்டு தரப்பும், அப்படியே. மூன்றாவது, உடம்பில் என்ன: தாடை இறுகியது, காது சூடானது, வயிறு பிசைந்தது. நான்காவது, அடுத்து நீங்கள் செய்தது. மொத்தம் ஐந்தாறு வரி போதும். அன்றைக்கே எழுதிவிட வேண்டும். இரண்டு நாள் போனால் நடந்ததை விட்டுவிட்டு, நடந்ததாக நாம் சொல்லிக்கொண்ட கதையைத்தான் எழுதுவோம்.

14 நாள் எழுதுங்கள், பின்பக்கம் திருப்பாதீர்கள். 15-வது நாள் வேறு நிற மையில், திரும்ப வரும் சொற்களை மட்டும் வட்டமிடுங்கள். ஆட்களின் பெயரை விடுங்கள். வினைச்சொற்களையும் மூன்றாவது கட்டத்தையும் பாருங்கள். ஆளுக்கு ஆள் காரணம் மாறியிருக்கும், காது சூடாவது மட்டும் மாறாது.

கெட்டுப்போகும் இடங்கள்: முதல் கட்டத்தில் "அவமானப்படுத்தினார்" என்று எழுதுவது. அது தீர்ப்பு, சம்பவம் அல்ல. "எல்லார் முன்னாலும் என் கணக்கில் தப்பு இருப்பதாகச் சொன்னார்" என்பதுதான் சம்பவம். அடுத்தது, மோசமான நாளில் மட்டும் எழுதுவது. சரியாகப் போன நாள் நோட்டில் இல்லையென்றால் எது வித்தியாசம் என்று ஒப்பிட ஒன்றும் இருக்காது. போனில் எழுதுகிறவர்கள் பழைய பதிவைத் திருத்திவிடுகிறார்கள், அதுவும் தங்களுக்குச் சாதகமாக. யாராவது எடுத்துப் படித்துவிடுவார்களோ என்ற பயம் இருந்தால் சுருக்கெழுத்தில் எழுதுங்கள். பயத்தோடு எழுதிய நோட்டு, பிறர் படிப்பதற்காக எழுதிய நோட்டாகிவிடும்.

பதிவு 3 (உளவியல் கற்பிப்பவர்)

முந்தைய இரண்டு பதிவும் சரி, ஆனால் ஒரு எச்சரிக்கை விட்டுப்போயிருக்கிறது. தன்னைப் பார்ப்பது வேறு, அசைபோடுவது, அதாவது ஒரே கவலையைத் திரும்பத் திரும்ப மனதில் ஓட்டுவது, வேறு. வெளியிலிருந்து இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்: ஆள் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசிக்கிறார். உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்செமா 1991-இல் முன்வைத்த கோட்பாட்டின் சாரம், இப்படி அசைபோடுவது மனச்சோர்வை நீட்டிக்கிறது என்பதுதான். ட்ராப்னெல், கேம்பெல் இருவரும் 1999-இல் இந்த இரண்டையும் தனித்தனியாக அளக்க ஒரு கேள்வித்தாளே அமைத்தார்கள்.

வீட்டில் சோதிக்க எளிய வழி: 20 நிமிடம் கழித்து, தொடங்கும்போது இல்லாத ஒரு புது வாக்கியம் தாளில் இருக்கிறதா? இருந்தால் தொடரலாம். அதே வாக்கியம் மூன்றாம் முறை வந்திருந்தால் எழுந்து நடங்கள், அன்றைக்கு அவ்வளவுதான். கேள்வியையும் மாற்றுங்கள். "நான் ஏன் இப்படி இருக்கிறேன்?" என்பதற்கு மூளை ஏதாவது ஒரு காரணத்தைப் புனைந்து தந்துவிடும், சரிபார்க்க வழியில்லை. "எந்த நிமிடத்தில் குரல் உயர்ந்தது, அதற்கு முன் என்ன கேட்டேன்?" என்பதற்கு நோட்டில் பதில் இருக்கும்.

பழைய காயம் ஒன்று மேலே வந்தால், பென்னபேக்கரும் பீலும் 1986-இல் வெளியிட்ட ஆய்வின் அளவே போதும்: நாளுக்கு 15 நிமிடம், தொடர்ந்து 4 நாள், நடந்ததையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதுவது. எழுதி முடித்த கையோடு மனது கனக்கும், அந்த ஆய்விலும் அப்படித்தான் இருந்தது. பலன் தெரிந்தது பிந்தைய மாதங்களில். ஆகவே தூங்கப்போகும் முன்போ முக்கியமான வேலைக்குக் கிளம்பும் முன்போ இதைச் செய்யாதீர்கள்.

கோபம் தணியாமல் எழுத வேண்டியிருந்தால் "நான்" என்பதை விட்டு உங்கள் பெயரைப் போட்டுப் படர்க்கையில் எழுதுங்கள். ஈதன் கிராஸும் கூட்டாளிகளும் 2014-இல் காட்டியது, இந்தச் சின்ன மாற்றமே பதற்றத்தைக் குறைக்கிறது என்று. தன் குற்றத்தை அயலார் குற்றம்போலப் பார்க்கச் சொல்லும் குறள் 190-ஆவது. ஆய்வகம் தாமதமாக வந்து சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்!

பதிவு 4 (மருத்துவப் பணி)

நோட்டு வாங்கும் முன் உடம்பைப் பாருங்கள். எரிச்சல், அழுகை, எதிலும் பிடிப்பின்மை, சோர்வு: தைராய்டு குறைந்தாலும் இதெல்லாம் வரும், ரத்தசோகையிலும் பி12 குறைபாட்டிலும் வரும். ஸ்டீராய்டு மாத்திரை மனநிலையையே புரட்டிப்போடும். தினமும் ஐந்து மணி நேரம் தூங்கிக்கொண்டு "நான் ஏன் இவ்வளவு சிடுசிடுப்பானேன்" என்று ஆராய்வதில் அர்த்தமில்லை. இரண்டு வாரம் ஏழெட்டு மணி நேரம் தூங்கிவிட்டுப் பிறகு கேளுங்கள், பாதிக் கேள்வி காணாமல் போயிருக்கும்.

இரண்டு வாரமாக ஏறக்குறைய தினமும் மனது தாழ்ந்தே கிடந்தால் மனச்சோர்வை அளக்க பிஎச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாள் இருக்கிறது. மொத்த மதிப்பெண் 27, 10-ஐத் தொட்டாலே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றிய எண்ணம். அதில் பூஜ்யத்தைத் தவிர எது வந்தாலும் மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காமல் அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று, இதை யாரும் சொல்லவில்லை. வீட்டில் அடி விழுகிறவர், மிரட்டலில் இருக்கிறவர் "என்னிடம் என்ன தப்பு" என்று தோண்டக் கூடாது. அங்கே அந்தக் கேள்வியே அடிப்பவர் கொடுத்தது.

பதிவு 5

நோட்டில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காதது ஒன்று உண்டு: மற்றவருக்குத் தெரிந்து நமக்குத் தெரியாதது. ஒருவரைப் பற்றி அவருக்கும் பிறருக்கும் தெரிந்தது, தெரியாதது என்று நான்கு கட்டமாகப் பிரிப்பது ஜொஹாரி சாளரம். லுஃப்ட், இங்கம் இருவரும் 1955-இல் வரைந்த அந்தப் படத்தில் இதற்கென்றே ஒரு கட்டம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதைக் கேட்டுத்தான் வாங்க முடியும். "நான் எப்படிப்பட்ட ஆள்?" என்று கேட்டால் பாராட்டுதான் கிடைக்கும். "போன வாரம் நாம் பேசியதில் நான் ஒன்றை வேறு மாதிரி செய்திருக்கலாம் என்றால் எதைச் சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். மூன்று பேரிடம், தனித்தனியாக. உங்களிடம் சம்பளம் வாங்குகிறவரைக் கேட்காதீர்கள். பதில் வந்ததும் "சரி, நன்றி" மட்டும். ஒரு நாள் கழியும் முன் விளக்கம் கொடுக்க வாயைத் திறந்தால் அடுத்த முறை உண்மை வராது.

பதிவு 6 (மீண்டும் பதிவு 1 எழுதியவர்)

மருத்துவப் பணியில் இருப்பவர் சொன்ன கடைசிப் பத்தியை நான்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். நன்றி.

எத்தனை நாள் இதைச் செய்வது என்று தனிச்செய்தியில் கேட்டிருந்தார்கள். முடிவுத் தேதி போடாமல் தொடங்காதீர்கள். எழுத 14 நாள், படிக்க ஒரு நாள், மாற்றிப் பார்க்க இன்னொரு 14 நாள். மாற்றுவது ஒன்றே ஒன்று. மேலே சொன்ன நோட்டுக்காரர் என்றால், கேட்க வந்ததை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுவது, கதையைப் பிறகு. நான்கு கட்டத்தையும் முன்போலவே நிரப்ப வேண்டும். தங்கை கேட்கத் தொடங்கி, நண்பன் போனைக் கவிழ்த்து வைத்து, மேலாளர் மட்டும் இப்போதும் முதல் வாக்கியத்திலேயே குறுக்கிட்டால், அது மேலாளரின் பழக்கம். அதையும் தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள்.