எலும்புப் புற்றுநோய்ப் போக்கு: ஆண்டுவாரியாகவா, ஐந்தாண்டுத் தொகுப்பாகவா?

வணக்கம். அமெரிக்காவின் சீர் (SEER) என்ற புற்றுநோய்ப் பதிவேட்டில் 1975 முதல் உள்ள தரவை வைத்து எலும்புப் புற்றுநோயின் போக்கைக் கணக்கிடுகிறோம். சி40, சி41 என்ற உடற்பகுதிக் குறியீட்டை மட்டும் நம்பினால் எலும்பில் வரும் லிம்போமா, பிளாஸ்மாசைட்டோமா போன்ற இரத்த அணுப் புற்றுகள் எல்லாம் உள்ளே வந்துவிடும். அதனால் திசு வகைப்படி வடிகட்டி ஆஸ்டியோசார்கோமா (திசுக் குறியீடு 9180 முதல்), காண்ட்ரோசார்கோமா (9220), ஈவிங் சார்கோமா (9260) என்ற மூன்று எலும்புப் புற்று வகைகளையும் தனித்தனியே வைத்திருக்கிறோம். கலந்தால் ஒன்றும் தெரியாது. ஈவிங் பெரும்பாலும் சிறார், இளைஞரிடம். காண்ட்ரோசார்கோமா நடுவயதுக்கு மேல். ஆஸ்டியோசார்கோமாவுக்கு இரண்டு உச்சங்கள்: பதின்பருவம் ஒன்று, முதுமை இன்னொன்று. முதுமையில் வருவதில் பேஜெட் நோய்க்கும் (எலும்பு இயல்பு மாறி வளரும் நோய்) முன்பு பெற்ற கதிர்வீச்சுச் சிகிச்சைக்கும் பங்குண்டு.

சிக்கல் இதுதான். மொத்தமே லட்சத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 1 பேர். வயதுவாரியாகப் பிரித்ததும் சில ஆண்டுகளில் பூஜ்யம் விழுகிறது; போக்கை விகிதத்தின் மடக்கையில் (log) கணக்கிடுகிறோம், பூஜ்யத்துக்கு மடக்கை கிடையாது. ஐந்தாண்டாகத் தொகுத்தாலோ போக்கு திரும்பியது எந்த ஆண்டில் என்பதே மங்கிவிடுகிறது. (பூஜ்யத்தோடு 0.5 சேர்த்து ஒப்பேற்றுவதில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை.)

மக்கள்தொகையை ஆஃப்செட்டாக (கெழு 1 என நிலையாக வைத்த மடக்கை உறுப்பாக) வைத்து, எண்ணிக்கைகளுக்கான பாய்சான் மாதிரியில் ஸ்ப்லைன் (துண்டு துண்டாக இணையும் வளைகோடு) போட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? துண்டுகள் இணையும் முடிச்சுகள் எத்தனை வைத்தீர்கள்? கடைசி ஆண்டுகளில் தாமதப் பதிவால் வரும் போலிச் சரிவை எப்படித் திருத்தினீர்கள்? ஆர் (R) மொழி நிரல் இருந்தால் பகிருங்கள்.