பொட்டல விநியோக வேலை: உடன் வேலை செய்பவர்களுக்காக நீடிப்பது சரியா?

கேள்வி: லிந்தாங் சாலைக்காரன்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு கூரியர் நிறுவனத்தின் கிளையில் வேன் ஓட்டிப் பொட்டலங்களைக் கொண்டு சேர்க்கும் வேலையில் இருக்கிறேன். நிரந்தர ஊழியன், அடிப்படைச் சம்பளத்தோடு ஊக்கத்தொகையும் உண்டு. ஈப்போவில் ஒரு தொழிற்சாலைக் கிடங்கில் மாதம் 300 ரிங்கிட் கூடுதலாகத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் எல்லாரும் போகச் சொல்கிறார்கள்.

இங்கே வேலை கடுமை என்பதை நான் மறுக்கவில்லை. காலையில் லாரி வந்ததும் இறக்கிப் பிரித்து அடுக்குவதில் தொடங்கி, செம்பனைத் தோட்டத்து மண்சாலைகளில் அலைந்து, ஆளில்லாத வீடுகளுக்கு மறுபடியும் போய், மாலையில் ரொக்கக் கணக்கை ஒப்படைக்கும் வரை உட்கார நேரம் கிடைப்பதில்லை. இருந்தும் வேலைக்குக் கிளம்ப எனக்குத் தயக்கம் வந்ததே இல்லை. அதற்குக் காரணம் உடன் வேலை செய்பவர்கள்தாம். அதற்காக மட்டும் சம்பள உயர்வை விட்டுவிடலாமா? இத்துறையில் இருந்தவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

மறுமொழி: பழைய ஹீவுட் தோட்டத்தார்

தம்பி, நம் வட்டாரத்தில் நல்ல கூட்டாளிகள் இல்லாவிட்டால் பொட்டலமே போய்ச் சேராது என்பதை முதலில் உங்கள் வீட்டாருக்குச் சொல்லுங்கள். முகவரியில் தோட்டத்தின் பெயரும் 31100 என்ற அஞ்சல் குறியீடும் இருக்கும். எந்த லயன் (தொழிலாளர் வரிசை வீடுகள்), எந்த வீடு என்பது இருக்காது. ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகு லயன்களை விட்டுத் தாமான் (புதிய குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் பல, இன்னமும் தோட்டத்து முகவரியையே கொடுக்கின்றன. எல்பில் தோட்டத்தில் இருந்தவர்கள் இப்போது எந்தத் தாமானில் இருக்கிறார்கள் என்பது தமிழர்களான நமக்குத் தெரியும். ஜாலோங் பக்கத்துச் சீனப் புதுக்கிராமத்தில் எந்தச் சந்துக்குள் நுழைய வேண்டும் என்பது சீன நண்பருக்குத் தெரியும். கம்போங்கில் (மலாய்க் கிராமத்தில்) ஒரே பெயருடைய நால்வரில் இது யாருக்கு உரியது என்பது மலாய் நண்பருக்குத் தெரியும். இம்மூவரும் ஒருவரையொருவர் தயங்காமல் அழைத்துக் கேட்கும் கிளையில் பொட்டலம் ஒரே பயணத்தில் சேர்ந்துவிடும்; கேட்காத கிளையில் அது நாள்கணக்கில் வேனிலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

நான் வேலை செய்த காலத்தில், நோன்பு மாதத்தில் மலாய் நண்பர்களுக்குத் தூரத்துத் தோட்டங்களைக் காலையிலும் டவுன் பக்கத்தைப் பிற்பகலிலும் ஒதுக்குவோம். நோன்பு துறக்கும் நேரத்துக்குள் அவர்கள் வீடு போய்ச் சேரும்படி மிச்சத்தை நாங்கள் எடுத்துக்கொள்வோம். தீபாவளிக்கு முந்திய நாள்களில் அவர்கள் அதையே எங்களுக்குச் செய்தார்கள். யாரும் உத்தரவிட்டு அது நடக்கவில்லை. 11.11, 12.12 போன்ற இணைய மலிவு விற்பனை முடிந்த வாரங்களில் கிளைக்குள் கால் வைக்க இடமிருக்காது. அப்போது முதலில் முடித்தவர் வீட்டுக்குப் போகாமல், ‘எந்தச் சந்திப்பில் நிற்கிறாய்?’ என்று அழைத்துக் கேட்டு, வந்து பாதியை வாங்கிக்கொண்டு போவார். அப்படிப்பட்டவர்கள் ஈப்போக் கிடங்கிலும் இருக்கலாம். ஆனால் உங்களுக்கு இங்கே இருப்பது உறுதியாகத் தெரிந்திருக்கிறது.

மறுமொழி: மோட்டார் அக்கா

நான் மோட்டார் சைக்கிளில் விநியோகம் செய்பவள். பெண்ணாக இருந்து சொல்கிறேன்: எந்தத் தோட்டத்துக் கோயிலில் கழிவறை திறந்திருக்கும், எந்த வீட்டு நாய் சங்கிலியில் இல்லை, எந்தப் பாலம் மழைக்குப் பிறகு வழுக்கும் என்பவற்றையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் என்னோடு வேலை செய்த அண்ணன்மார்கள்தாம். செம்பனைக்குள் பல இடங்களில் கைப்பேசிக்கு அலைவரிசை கிடைப்பதில்லை. நான் எந்தப் பக்கம் போனேன், எத்தனை மணிக்குள் வெளியே வர வேண்டும் என்பதை ஒருவர் மனத்தில் வைத்திருக்கிறார் என்ற நினைப்பு பெரிய பலம். இந்நாட்டில் சாலை விபத்தில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே என்பதால் இதை நான் சிறிய விஷயமாகக் கருதவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நான் முன்பு இருந்த இடத்தில் பொட்டலத்துக்கு இத்தனை சென் என்று மட்டுமே கணக்கு. மாதச் சம்பளம் கிடையாது. வீடுகள் நெருக்கமாக உள்ள தாமான்கள் சிலருக்கே போய்க்கொண்டிருந்தன, தோட்டங்கள் மற்றவர் தலையில் விழுந்தன. நல்ல மனம் கொண்டவர்களே அங்கே ஒருவரோடொருவர் பேசாமல் போனார்கள். உங்கள் கிளையில் அடிப்படைச் சம்பளம் இருப்பதும் உங்கள் நண்பர்கள் தாராளமாக இருக்க ஒரு காரணம். அந்த முறை மாறப்போகிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி: கணக்கர்

சம்பளக் கணக்கு எழுதும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். ஈப்போ ஏறக்குறைய 30 கிலோமீட்டர். மாதத்தில் 26 நாள் காரில் போய்வந்தால் 1,560 கிலோமீட்டர். 2025 செப்டம்பர் இறுதியில் அறிவிக்கப்பட்ட மானிய விலையான லிட்டருக்கு 1.99 ரிங்கிட்டிலேயே 200 ரிங்கிட்டுக்கு மேல் பெட்ரோலுக்குப் போய்விடும். மிஞ்சுவது 100 ரிங்கிட்டுக்கும் குறைவு. எனவே நீங்கள் நண்பர்களுக்காக விட்டுக்கொடுக்கும் தொகை வீட்டார் நினைப்பதைவிட மிகச் சிறியது.

அதே நேரத்தில், நண்பர்கள் நல்லவர்கள் என்பதற்காக உங்களுக்கு உரியதை விட்டுவிடாதீர்கள். 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து வாரத்துக்கு வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு மேல் செய்வது ஓவர்டைம். 5,000 ரிங்கிட் வரை சம்பளம் பெறும் ஊழியருக்கு முதலாளி 13 விழுக்காடு இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) செலுத்த வேண்டும். சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்துக்கும் பாதுகாப்பு உண்டு. உங்களை ஒப்பந்தக்காரராக மாற்றக் கையெழுத்துக் கேட்டால் நன்றாக யோசியுங்கள், ஏனெனில் அதன்பின் சொக்சோவின் 2017ஆம் ஆண்டுச் சுயதொழில் திட்டத்தில் சந்தாவை நீங்களே கட்ட வேண்டிவரும்.

ஹீவுட் ஐயா சொன்ன உதவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சந்திப்பில் பாதிப் பொட்டலங்களை வாங்கிக்கொண்டால், அங்கேயே ஸ்கேன் செய்து உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு பொட்டலமோ, வாங்கிய ரொக்கமோ குறைந்தால் உதவி பெற்றவர் கையிலிருந்து கட்ட நேரும். நல்ல நட்புகள் அங்கேதான் முறிகின்றன. உதவிய நேரமும் ஓவர்டைமாகப் பதிவாக வேண்டும்.

கேட்டவர்: லிந்தாங் சாலைக்காரன்

மூவருக்கும் மிக்க நன்றி. பெட்ரோல் கணக்கை அம்மாவிடம் காட்டினேன். அதன்பின் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சம்பள முறை மாறுமா என்பதை நாளை சுப்பர்வைசரிடம் கேட்கப்போகிறேன். மாறாது என்றால் இங்கேயே இருந்துவிடுவேன். சந்திப்பில் கைமாற்றும் பொட்டலங்களை நாங்கள் இதுவரை வாய்ச்சொல்லிலேயே நம்பிக் கொடுத்து வந்திருக்கிறோம். அலைவரிசை இல்லாத இடத்தில் ஸ்கேன் செய்து பெயர் மாற்றுவதை மற்றக் கிளைகளில் எப்படிச் செய்கிறீர்கள் என்று தெரிந்தவர்கள் எழுதினால், எங்கள் எல்லாருக்கும் உதவியாக இருக்கும்.