ஏறும்போது ஆட்டோபைலட் வேகத்தைக் கொன்றுவிட்டது. யோக்கை (விமானத்தின் ஸ்டியரிங்) தள்ளினால் எதிர்த்தது. கோளாறா, என் தப்பா?

மேகத்தடி:
வணக்கம். டெக்சஸ் மாநிலம் ஜார்ஜ்டவுனில் விமானம் ஓட்டும் லைசென்ஸ் வாங்கி நாலு மாதம் ஆகிறது. மொத்தம் 71 மணி நேரம். கற்றுக்கொண்டதெல்லாம் ஆட்டோபைலட் இல்லாத ஒரு பழைய விமானத்தில். இப்போது வாடகைக்கு எடுப்பது செஸ்னா 172எஸ், அதில் கேஏபி 140 என்ற ஆட்டோபைலட் இருக்கிறது. அந்த விமானத்தை எனக்குப் பழக்கிவிட்டவர் "ஏபி அழுத்து, ஹெடிங் அழுத்து, அவ்வளவுதான்" என்றார். ஏபி ஆட்டோபைலட்டை இயக்கும் பட்டன், ஹெடிங் திசையைப் பிடிக்க வைக்கும் பட்டன். நானும் அவ்வளவுதான் என்று நம்பினேன்.

போன சனிக்கிழமை மனைவி, மகளோடு ஃப்ரெடரிக்ஸ்பர்க் கிளம்பினேன். சுமார் 70 கடல் மைல். மேற்கே போவதால் விதிப்படி 4,500 அடி உயரம். பகல் 11 மணி, வெயில் 36 டிகிரி, டாங்க் நிறைய பெட்ரோல். 2,500 அடியில், நிமிடத்துக்கு 700 அடி ஏறிக்கொண்டிருந்தபோது ஏபி அழுத்திவிட்டு மகளுக்கு ஏரியைக் காட்டிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் 85 நாட் (மணிக்கு 85 கடல் மைல்) இருந்த வேகம் 64! பயந்துபோய் யோக்கை முன்னால் தள்ளினேன். அது என்னை எதிர்த்தது. தள்ளத் தள்ள யோக் கனத்தது. ஆட்டோபைலட்டை விலக்கும் சிவப்பு பட்டனை அழுத்திக் கை தளர்ந்த நொடியில் மூக்கு விருட்டென்று மேலே போய், ஸ்டால் ஹார்ன் (இறக்கை தூக்கும் சக்தியை இழக்கப் போகிறது என்ற எச்சரிக்கை ஒலி) ஊத ஆரம்பித்துவிட்டது. எப்படியோ இறக்கிப் பிடித்தேன். மகள் இன்னும் அதைப் பற்றிப் பேசவில்லை, அதுதான் உறுத்துகிறது.

ட்ரிம் (கை எடுத்தாலும் மூக்கை ஒரே நிலையில் வைக்கும் அமைப்பு) மோட்டார் பழுதா? க்ளப்பில் எழுதிக் கொடுக்கவா?

கிழக்குஓடுதளம்:
எழுதிக் கொடுங்கள். மெக்கானிக் பார்க்கும்வரை ஆட்டோபைலட்டின் சர்க்யூட் பிரேக்கரை இழுத்துவிட்டு ஓட்டுங்கள். சந்தேகம் என்றால் சந்தேகம்தான்.

வால்காற்று:
எழுதிக் கொடுப்பதில் தப்பில்லை, ஆனால் மெக்கானிக் ஒன்றும் கண்டுபிடிக்கமாட்டார் என்று நினைக்கிறேன் தம்பி. நீங்கள் சொன்ன ஒவ்வொன்றும் அந்தப் பெட்டி செய்ய வேண்டிய வேலைதான். 11 வருஷமாக ஒரு 172எஸ்ஸில் எனக்குப் பங்கு இருக்கிறது, அதே பெட்டி. நீங்கள் செய்ததை நானும் செய்திருக்கிறேன். என்ன, அன்று என்னோடு யாரும் இல்லை.

முதலில் வேகம். வேறெதையும் சொல்லாமல் ஏபியை மட்டும் அழுத்தினால் அது இரண்டு வேலையை எடுத்துக்கொள்ளும். இறக்கையை மட்டமாக வைப்பது ஒன்று. அழுத்திய நொடியில் எந்த விகிதத்தில் ஏறினீர்களோ அதையே விடாமல் பிடிப்பது இன்னொன்று. நீங்கள் 700 கொடுத்தீர்கள், அது 700 பிடித்தது. மூன்று பேர், நிறைந்த டாங்க், 36 டிகிரி வெயில். மேலே போகப் போக 180 குதிரைத்திறன் இன்ஜினுக்கு மூச்சு வாங்கும். 700 அடி வராது. வராததை வரவைக்க அதற்குத் தெரிந்த ஒரே வழி மூக்கைத் தூக்குவது. தூக்கினால் வேகம் போகும், போனால் இன்னும் தூக்கும். அதன் கையில் த்ராட்டில் இல்லை. வேகம் என்ன என்று அதற்குத் தெரியவும் தெரியாது. வண்டிமாட்டுக்கு வழியும் தெரியும், பள்ளம் வந்தால் நிற்கவும் தெரியும். இதற்கு வழி மட்டும்தான் தெரியும்.

அதனால் ஏறும்போது நான் 500க்கு மேல் கேட்பதே இல்லை. கோடையில் 3,000 அடி தாண்டினால் டவுன் பட்டனைத் தட்டி 400, 300 என்று குறைத்துக்கொண்டே வருவேன், ஒரு தட்டுக்கு 100 அடி குறையும். என் கண் வேகமுள்ளில்தான் இருக்கும். 75க்குக் கீழே வந்தால் பேச்சே இல்லை, சிவப்பு பட்டன்.

அடுத்தது நீங்கள் தள்ளியது. பயம் அங்கேதான். யோக்கை நீங்கள் தள்ளினால், ஆட்டோபைலட்டுக்கு அது காற்று தள்ளுவது மாதிரிதான். "மூக்கு இறங்குகிறது, தூக்க வேண்டும்" என்று ட்ரிம்மை மேல்நோக்கிச் சுற்றும். நீங்கள் தள்ளிய ஒவ்வொரு நொடியும் ட்ரிம் சக்கரம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. பட்டனை அழுத்தியதும் அது கை எடுத்துக்கொண்டது, ஓட்டி வைத்த ட்ரிம் மட்டும் அப்படியே இருந்தது. மூக்கு மேலே போகாமல் என்ன செய்யும்? ஆட்டோபைலட் ஓடும்போது யோக்கில் கைவைத்து உதவாதே என்று விமானத்தின் கையேட்டிலேயே எச்சரிக்கை இருக்கிறது. நானும் அதைப் பிறகுதான் படித்தேன்.

ஒன்று அது ஓட்டட்டும், இல்லை நீங்கள் ஓட்டுங்கள். பிடிக்கவில்லை என்றால் முதலில் யோக்கை இறுகப் பிடித்துக்கொண்டு, அப்புறம் பட்டன். யோக்கில் இருக்கும் ட்ரிம் சுவிட்சைத் தொட்டாலும் அது விலகிவிடும். ட்ரிம் தானாக ஓடுகிறது என்று சந்தேகம் வந்தால் சிவப்பு பட்டனை அழுத்திப் பிடித்தே வைத்திருங்கள். பிடித்திருக்கும்வரை ட்ரிம் மோட்டார் ஓடாது. அந்தச் சமயத்தில் பிரேக்கரைத் தேடி இழுக்கலாம். எங்கள் விமானத்தில் அந்தப் பிரேக்கருக்கு ஒரு சிவப்பு வளையம் மாட்டி வைத்திருக்கிறேன், குனிந்து எழுத்தைப் படிக்க நேரம் இருக்காது என்பதால்.

தரையிலேயே ஒத்திகை பார்க்கலாம். இன்ஜின் ஓட்டத்தில் ஏபி போட்டு, யோக்கை மெல்ல முன்னால் அழுத்திக்கொண்டு ட்ரிம் சக்கரத்தைப் பாருங்கள். சில நொடியில் அது எதிர்ப்பக்கம் சுற்ற ஆரம்பிக்கும். பார்த்துவிட்டால் ஜென்மத்துக்கும் மறக்காது. கிளம்பும் முன் ட்ரிம்மைத் திரும்ப டேக்ஆஃப் குறிக்குக் கொண்டுவாருங்கள், அதை மறந்தால் வேறு கதை.

கிழக்குஓடுதளம்:
வால்காற்று சொல்வது சரி, நான் அவசரப்பட்டுவிட்டேன். இன்னொன்று சேர்க்கிறேன். ஹெடிங் அழுத்தும் முன் ஹெடிங் பக்கை, அதாவது போக வேண்டிய திசையைக் காட்டும் குறியை, போய்க்கொண்டிருக்கும் திசைக்கு வையுங்கள். பக் தெற்கே கிடந்தால் விமானமும் தெற்கே சாயும், பின்சீட்டில் இருப்பவர்கள் அலறுவார்கள். என் மாமியார் அலறினார்.

வால்காற்று:
அதோடு பாரோ, அதாவது காற்றழுத்த அமைப்பு. பழைய பெட்டிகளில் காற்றழுத்தத்தை ஆல்டிமீட்டரில் (உயரமானியில்) ஒரு தடவை, ஆட்டோபைலட்டில் ஒரு தடவை தனித்தனியாக வைக்க வேண்டும். 30.02 (பாதரச அங்குலம்) இருக்க வேண்டிய இடத்தில் 29.92 கிடந்தால் உயரத்தில் 100 அடி வித்தியாசம். 4,500 கேட்டுவிட்டு 4,600ல் போய் நின்று, இதுவும் கோளாறு என்று இங்கே எழுதாதீர்கள்.

ஆனால் பயந்து இதை ஒதுக்கிவிடாதீர்கள். இதன் சாய்வு உணர்வு வருவது மின்சாரத்தில் ஓடும் டர்ன் கோஆர்டினேட்டர் என்ற, திருப்பத்தைக் காட்டும் கருவியிலிருந்து. கருவிகளைக் காற்றை உறிஞ்சி ஓட்டும் வாக்குவம் பம்ப் செத்து செயற்கை அடிவானக் கருவி படுத்துவிட்டாலும் இது இறக்கையை மட்டமாக வைத்திருக்கும். அப்போது ஹெடிங்கை மட்டும் நம்பாதீர்கள், திசை காட்டும் அந்த கைரோவும் வாக்குவத்தில் ஓடுவதுதான்.

மேகத்தடி:
இன்று காலை பயிற்சியாளரைக் கூட்டிக்கொண்டு போய்த் தரையில் செய்து பார்த்தேன். யோக்கை அழுத்திப் பிடித்து மூன்று எண்ணுவதற்குள் சக்கரம் ஓட ஆரம்பித்துவிட்டது. அவரே குனிந்து பார்த்துவிட்டு "இதை நான் உனக்குக் காட்டியிருக்க வேண்டும்" என்றார். க்ளப்பில் கோளாறு என்று எழுதவில்லை.

வால்காற்று அண்ணா, அந்தச் சிவப்பு வளையம் எங்கே கிடைக்கும்?