டெஸ்டர் எரியவில்லை, ஆனால் ஷாக் அடித்தது. எதை நம்புவது?

புதுக்கை:
நேற்று மத்தியானம் ஃபேன் சுவிட்ச் மாற்றினேன். எம்சிபியை, அதாவது மெயின் போர்டில் லைனைத் துண்டிக்கும் சுவிட்சை, இறக்கிவிட்டுத்தான் ஆரம்பித்தேன் (இறக்கியது பக்கத்து எம்சிபி என்பது பிறகுதான் தெரிந்தது). ஒயரில் ஸ்க்ரூடிரைவர் டெஸ்டரை வைத்தேன், எரியவில்லை. சரி என்று ஒயரைப் பிடித்தபோது இன்னொரு கை சுவரிலிருந்த இரும்புப் பெட்டியில் பட்டது. சுளீரென்று அடித்து முழங்கை வரை மரத்துப்போனது. ஆனால் இன்று காலை அதே டெஸ்டர் அடுத்த அறை பிளக்கில் பளிச்சென்று எரிகிறது! டெஸ்டர் நல்லதா, கெட்டதா?

பழைய ஒயர்மேன்:
தம்பி, எதன் மேல் நின்றீர்கள்? காலில் செருப்பு? போர்டில் வெளிச்சம் எப்படி?

புதுக்கை:
மர ஸ்டூல், ரப்பர் செருப்பு. ஜன்னல் வெயில் நேராகப் போர்டு மேல்.

பழைய ஒயர்மேன்:
அப்படியென்றால் டெஸ்டர் மேல் தப்பில்லை. அதற்குள் ஒரு நியான் பல்பும் அதோடு சீரிஸில் ஏறக்குறைய 1 மெகா ஓம் ரெசிஸ்டரும் உண்டு. கரண்ட் உங்கள் உடம்பு வழியாகத் தரைக்குப் போனால்தான் பல்பு எரியும். ரெசிஸ்டர் அதை 1 மில்லி ஆம்பியருக்கும் கீழே பிடித்து வைப்பதால்தான் நமக்கு உறைப்பதில்லை. ஸ்டூலும் செருப்பும் வழியை அடைத்தால் பல்பு மங்கிவிடும், வெயிலில் கண்ணுக்கே தெரியாது. பெட்டி எர்த்தில், அதாவது தரையோடு இணைந்து, இருந்திருக்கும். அதைத் தொட்டதும் வழி திறந்துவிட்டது, இந்த முறை நடுவில் ரெசிஸ்டர் இல்லை.

வழக்கமாகச் சொல்வது இது: கரண்ட் நிச்சயம் இருக்கிற பிளக்கில் டெஸ்டரை முதலில் பாருங்கள், பிறகு வேலை செய்யும் ஒயர், அப்புறம் மறுபடியும் அதே பிளக். கடைசித் தடவையைத்தான் பலரும் விட்டுவிடுவார்கள். நடுவில் டெஸ்டர் செத்திருந்தால் அதுதான் காட்டிக்கொடுக்கும். ஆனால் உங்கள் விஷயத்தில் இதுவும் காப்பாற்றியிருக்காது. பிளக்கைத் தரையில் நின்று பார்த்துவிட்டு ஸ்டூலில் ஏறியிருப்பீர்கள்! அதனால்தான் ஒயரில் கைவைக்கும் முன் நான் நியானை நம்புவதில்லை. இரண்டு முனை டெஸ்டரால் பேஸுக்கும் (கரண்ட் வரும் ஒயர்) நியூட்ரலுக்கும் (கரண்ட் திரும்பும் ஒயர்), பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே பார்ப்பேன். அதற்கு என் உடம்பு தேவையில்லை. மூன்று தடவைப் பழக்கம் அதற்கும் உண்டு.

கைப்பிடியில் விரிசல் விட்ட டெஸ்டரையும், தண்ணீர் புகுந்ததையும் யோசிக்காமல் தூக்கி எறியுங்கள்.

மின்மினி:
தொடாமலே பீப் அடிக்கும் பேனா வாங்கினால் தீர்ந்ததா?

பழைய ஒயர்மேன்:
தீராது. இரும்புக் குழாய்க்குள் ஓடும் ஒயர் அதற்குத் தெரியாது. பக்கத்து ஒயரைப் பார்த்தும் கத்தும். பேட்டரி தீர்ந்தால் மௌனம்தான், அந்த மௌனத்தை ‘கரண்ட் இல்லை’ என்று படிப்போம்.

மீட்டர்காரன்:
மல்டிமீட்டர் உள்ளவர்களுக்கு: அதன் உள் தடை 10 மெகா ஓம் போல மிக அதிகமாக இருப்பதால், கரண்டுள்ள ஒயரோடு சேர்ந்து ஓடும் செத்த ஒயரிலும் பல வோல்ட் காட்டும். அது பேய் வோல்டேஜ். இன்னொன்று, மீட்டரின் சிவப்பு ஒயர் ஆம்பியர் துளையில் செருகியிருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். அப்படியே வோல்டேஜ் பார்த்தால் நேரே ஷார்ட். எனக்கு ஒரு ப்ரோப் முனை உருகியே போனது.

புதுக்கை:
இரவில் விளக்கை அணைத்துவிட்டு அதே ஸ்டூலில் ஏறி அதே ஒயரில் வைத்துப் பார்த்தேன். லேசாகச் செம்மஞ்சள் தெரிகிறது.

பழைய ஒயர்மேன்:
அதேதான். இறங்கியதும் எம்சிபிகளுக்குப் பெயர் எழுதி ஒட்டுங்கள்.