2 இன்ச் லிஃப்ட் ஸ்பிரிங்: மீடியமா, ஹெவியா? கொஞ்சம் அவசரம்

சேத்துவண்டி:
வணக்கம். வண்டிக்கு 2 இன்ச் லிஃப்ட் காயில், அதான் வண்டியை உசத்தற ஸ்பிரிங், வாங்கப் போறேன். லைட், மீடியம், ஹெவின்னு மூணு வருது. ஹெவி போட்டா ரொம்ப நாள் தொய்ஞ்சு உட்காராம நிக்கும்னு தெரிஞ்சவர் ஒருத்தர் சொல்றார். இன்னிக்கு ராத்திரிக்குள்ள ஆர்டர் போட்டாகணும், மெக்கானிக் சனிக்கிழமை நாள் குடுத்துட்டார். எது போடலாம்? ஷாக் அப்சார்பர் பழசுதான், ஆனா நல்லா இருக்கு, மாத்தப் போறதில்லை.

கிரீஸ்கை:
வண்டி எதுங்க?

ஒத்தையடிப்பாதை:
வண்டி மட்டும் இல்லை, லோடும் சொல்லணும். முன்னாடி இரும்பு பம்பர், வின்ச் (சிக்கின வண்டியை இழுக்கற கேபிள் மோட்டார்) இருக்கா? மேல கேரியர்? பின்னாடி எப்பவும் இறக்காம கிடக்கிற சாமான் எத்தனை கிலோ?

டயர்பைத்தியம்:
டயர் சைஸை யாரும் கேக்கலையே! ஸ்பிரிங் பாடியைத்தான் தூக்கும். ரிஜிட் ஆக்சில், அதாவது ரெண்டு வீலையும் ஒரே தண்டு சேர்க்கிற வண்டின்னா, அந்தத் தண்டுல இருக்கிற டிஃப் (டிஃபரன்ஷியல் கியர் உருண்டை) இருக்கிற இடத்துலயேதான் இருக்கும். அதைக் கல்லுக்கு மேல தூக்கறது டயர் மட்டும்தான். முதல்ல டயர், அப்புறம் மத்ததெல்லாம்.

பழையசேஸி:
மாசம் ஒருத்தர் இதே கேள்வியோட வந்துடறீங்க. டாக்டருக்கு போன் போட்டு "சின்ன மாத்திரையா பெரிய மாத்திரையா"ன்னு மட்டும் கேட்டா அவர் என்ன சொல்லுவார்? லைட், மீடியம், ஹெவி எல்லாம் தரம் இல்லை தம்பி. வண்டியில எப்பவும் ஏறி உட்கார்ந்திருக்கிற எடைக்கு வச்ச பேர். தேடிப் படிச்சிருந்தா இந்த இழையே வேண்டியிருக்காது.

சேத்துவண்டி:
மன்னிக்கணும், சுசுகி ஜிம்னி, மூணு கதவு. லோடு ஒண்ணும் இல்லை, பம்பர் கம்பெனி பம்பர். வின்ச் அடுத்த வருஷம் போடலாம்னு ஒரு ஐடியா.

கிரீஸ்கை:
அப்போ ஹெவி பக்கமே போகாதீங்க. ஒரு கணக்கு போட்டுப் பாருங்க, எண்கள் உதாரணத்துக்குத்தான். பின்னாடி 100 கிலோ லோடுக்குன்னு வர்ற ஸ்பிரிங், விறைப்பு 3.5 கிலோ/மி.மீ., அதாவது ஒரு மி.மீ. அமுங்க 3.5 கிலோ வேணும். அந்த 100 கிலோவை ஏத்தினாத்தான் 50 மி.மீ. லிஃப்ட் வரும். ஏத்தலைன்னா பக்கத்துக்கு 50 கிலோ குறையுது, 50-ஐ 3.5-ஆல வகுத்தா 14. அதாவது 64 மி.மீ. தூக்கி நிக்கும். பின்பக்கம் உசந்து, மூக்கு குனிஞ்சு, ஒவ்வொரு பள்ளத்துலயும் முதுகெலும்பு எண்ணலாம்.

அப்புறம் கம்பித் தடிமனைப் பாருங்க. 12 மி.மீ. கம்பி 13 ஆச்சுன்னா, மத்தது மாறாம இருந்தா, விறைப்பு கிட்டத்தட்ட 38 சதவீதம் ஏறிடும். கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு மாதிரியேதான் தெரியும்.

மேடுபள்ளம்:
இவ்வளவு செலவு எதுக்கு? பழைய ஸ்பிரிங் மேலயே ஸ்பேசர்னு ஒரு கனமான வளையம் வச்சா முடிஞ்சுது. நான் 30 மி.மீ. வச்சேன், வண்டி 55 ஏறிடுச்சு.

பழையசேஸி:
30 வச்சா 55 ஏறுமா? அளந்தது முழமா சாணா?

மேடுபள்ளம்:
ஹப் நடுவுலேர்ந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும் டேப் வச்சு அளந்தேன் சார். முன்னையும் பின்னையும் எழுதி வச்சிருக்கேன்.

டயர்பைத்தியம்:
ஸ்பேசர் வச்சா ஸ்பிரிங் விறைச்சுடும், அது தெரியுமில்ல?

கிரீஸ்கை:
விறைக்காது. ஸ்பிரிங் அதே ஸ்பிரிங், தாங்கற எடையும் அதேதான். வண்டி நிக்கிற உயரம் மட்டும் மாறும். ஸ்பிரிங்கோட சுத்தை வெட்டிக் குறைச்சாத்தான் விறைப்பு ஏறும்.
மேடுபள்ளம், உங்க வண்டியில முன்னாடி இண்டிபெண்டன்ட்தானே, ஒவ்வொரு வீலும் தனித்தனியா ஆடறது? ஷாக் மண்டையில வச்சீங்களா?

மேடுபள்ளம்:
ஆமா.

கிரீஸ்கை:
அதான் விஷயம். அங்க ஷாக், வீலைப் பிடிச்சிருக்கிற ஆர்மோட நடுவுல உட்காருது, வீல் ஆர்ம் நுனியில இருக்கு. மேல வைக்கிறது வீல்ல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கா வரும். ஜிம்னியில ஸ்பிரிங் நேரா ஆக்சில் மேலயே நிக்குது, 30 வச்சா சுமாரா 30தான். ரெண்டு பேரும் வேற வேற வண்டிக்குச் சண்டை போட்டுட்டிருக்கீங்க.

பழையசேஸி:
எந்த வண்டின்னு முதல்லயே சொல்லியிருக்கணும். அதைத்தான் நானும் சொல்றேன்.

ஒத்தையடிப்பாதை:
சேத்துவண்டி, ஷாக் மாத்தலைன்னு சொன்னீங்களே, அதுதான் எனக்கு உதைக்குது. ஜாக்கி போட்டு வீலைத் தொங்க விட்டா, ஸ்பிரிங்குக்கு இன்னும் நீள இடம் இருக்கும், ஷாக் அதுக்கு முன்னாடியே முழுசா நீண்டு நின்னுடும். ஒவ்வொரு தொங்கலுக்கும் "டொக்"னு ஒரு சத்தம். வீலோட எடையை ஷாக்கோட உள்தடியே பிடிச்சு நிறுத்தும், கொஞ்ச நாள்ல எண்ணெய் கசியும். லிஃப்டுக்கு ஏத்த நீள ஷாக்கையும் சேர்த்தே வாங்குங்க. வீல் முழுசாத் தொங்கும்போது பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் விறைச்சு நிக்குதான்னு கையால தொட்டுப் பாருங்க.

கிரீஸ்கை:
இன்னும் ரெண்டு. பாடி ஏறினா பான்ஹார்ட் ராடு (ஆக்சில் பக்கவாட்டுல நகராம பாடியோட பிடிக்கிற தடி) ஆக்சிலை ஒரு பக்கமா நகர்த்தும், நேராப் போகும்போது ஸ்டியரிங் கோணலா நிக்கும். முன் ஆர்ம் திரும்பறதால கேஸ்டரும், அதாவது ஸ்டியரிங் திரும்பற அச்சு பின்னாடி சாய்ஞ்சிருக்கிற கோணமும், குறையும், வேகம் எடுத்தா வண்டி அலையும். அதுக்குன்னே மையம் விலகின கேஸ்டர் புஷ் வருது, கையோட போட்டுடுங்க. ஆர்ம் போல்ட்டை ஜாக்கியில தொங்கும்போது இறுக்க விடாதீங்க. வண்டி தரையில நின்ன பிறகுதான் கடைசி இறுக்கு. இல்லைன்னா ரப்பர் முறுக்கிட்டே இருந்து கிழிஞ்சுடும்.

சேத்துவண்டி:
ஓ, இவ்வளவு இருக்கா. முன்னாடி பின்னாடி ரெண்டும் லைட்டே ஆர்டர் போட்டுட்டேன், ஷாக்கோட. வின்ச் வந்தா முன்னாடி மட்டும் மாத்திக்கிறேன். நன்றி எல்லாருக்கும்.

டயர்பைத்தியம்:
டயர் சைஸ் கடைசி வரைக்கும் சொல்லவே இல்லை.

சேத்துவண்டி:
போட்டாச்சு. முன்னாடி 48, பின்னாடி 52 மி.மீ. ஏறியிருக்கு. மெத்துன்னு போகுது. ஸ்டியரிங் மட்டும் வேகத்துல கொஞ்சம் லேசா, அலையற மாதிரி இருக்கு, பழகிடும்னு நினைக்கிறேன்.

கிரீஸ்கை:
பழகாதுங்க. கேஸ்டர் புஷ் போட்டீங்களா? வண்டி ஏறினதுக்கு ஏத்த மாதிரி ஹெட்லைட் வெளிச்சத்தைக் கீழ இறக்கினீங்களா?

கிரீஸ்கை:
சேத்துவண்டி, இருக்கீங்களா?